'எழுதிவிட்டேன்' என்று வட்டு சொல்லும்போது

வணக்கம் நேயர்களே. ஒரு கோப்பைச் சேமிக்கிறோம். 'சேமிக்கப்பட்டது' என்கிறது திரை. அந்த நொடியில் கோப்பு எங்கே இருக்கிறது? பல ஆண்டுகளாக என்னை விடாத கேள்வி இது.

பெரும்பாலும் அது ஹார்டு டிஸ்க் என்னும் வட்டின் உள்ளே சுழலும் தட்டில் இருக்காது. வட்டுக்குள் கேஷ் என்னும் சிறிய நினைவகம் உண்டு. வந்த தரவை அதில் வாங்கி வைத்துக்கொண்டு, 'எழுதிவிட்டேன்' என்று வட்டு பதில் சொல்லிவிடுகிறது. தட்டில் எழுதுவது அதற்குப் பிறகுதான். இடையில் மின்சாரம் போனால் கேஷில் இருந்தது போனதுதான்.

இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்று முடிக்க 8 மில்லி நொடிக்கு மேல் ஆகும். வேண்டிய இடம், தட்டில் எழுதும் முனைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்றாவது காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரம் தனி. ஒவ்வொரு சிறு பதிவுக்கும் இப்படிக் காத்திருந்தால் கணினி தவழும். கேஷ் இருந்தால் பதிவுகளைச் சேர்த்து, அருகருகே உள்ளவற்றை ஒரே போக்கில் எழுதிவிடலாம். அதாவது, வந்த வரிசை மாறும். வரிசை மாறும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வம்பு அங்கேதான்.

ஒருமுறை மூன்று நாள் கணக்கை ஒரே கோப்பில் ஏற்றிச் சேமித்தேன். எழுந்து நாற்காலியைத் தள்ளியபோது கால் மின்கம்பியில் பட்டது, திரை இருண்டது. சேமித்தாகிவிட்டதே என்று நிம்மதியாகத்தான் கணினியை மறுபடி இயக்கினேன். கோப்பு இருந்தது. பெயர் சரி, தேதி சரி, அளவுகூடச் சரி. திறந்தால் முதல் எழுத்திலிருந்து கடைசி வரை பூஜ்யங்கள். பழைய பிரதியும் இல்லை, அதன் மேலேயேதான் சேமித்திருந்தேன். கோப்பைப் பற்றிய குறிப்பு தட்டுக்கு முந்திப் போய்விட்டது. உள்ளடக்கம் வழியிலேயே நின்றுவிட்டது. வட்டின் கேஷ் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. கணினியின் நினைவகத்திலும் இதேபோல ஒரு காத்திருப்பு உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தில் அது 30 நொடி வரைகூட நீளும். அருகில் யூ.பி.எஸ். இருந்தது. யூ.பி.எஸ்.ஸுக்கும் கணினிக்கும் இடையிலுள்ள கம்பியைத்தான் நான் உதைத்திருந்தேன்.

அப்படியானால் கேஷை அணைத்துவிடலாமா? வேண்டாம் என்பேன். 'கையில் இருப்பதை இப்போதே தட்டில் எழுது' என்று வட்டுக்கு ஆணையிடும் கட்டளை ஒன்று உண்டு. தரவுத்தளங்கள் ஒரு பரிவர்த்தனையை முடிந்ததாகச் சொல்லுமுன் அதைத்தான் கேட்கின்றன. கேஷ் இருக்கட்டும், அந்தக் கட்டளையை வட்டு மதிக்க வேண்டும், அவ்வளவுதான். விண்டோஸின் சாதன மேலாளரில் இரண்டு தேர்வுகளைப் பார்த்திருப்பீர்கள். முதலாவது கேஷை இயக்குவது. இரண்டாவது இந்தக் கட்டளையையே நிறுத்திவிடுவது. வேகம் கூடும் என்று யார் சொன்னாலும், வட்டுக்கெனத் தனி மின்காப்பு இல்லாதவர்கள் இரண்டாவதைத் தொடாதீர்கள். மீண்டும் சொல்கிறேன், இரண்டாவதைத் தொடாதீர்கள்.

சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவை வைக்கும் எஸ்.எஸ்.டி. பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். அதிலும் கேஷ் உண்டு. சர்வர்களுக்கானவை பலவற்றில் மின்சாரம் போனாலும் எழுதி முடிக்க, சிறிது மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் மின்தேக்கிகள் வைத்திருப்பார்கள். வீட்டுக் கணினியில் இருப்பவற்றில் பெரும்பாலும் இருக்காது. பென் டிரைவை மட்டும், நகலெடுத்த கையோடு பிடுங்காமல், பாதுகாப்பாக அகற்றும் கட்டளையைக் கொடுத்து, எடுக்கலாம் என்று திரை சொன்ன பிறகே எடுங்கள். வணக்கம்.