சிறிய கார் விற்ற ஆளுநர்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் மாநில ஆளுநர் நம் நாட்டு ஆளுநரைப் போல நியமிக்கப்படுபவர் அல்லர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அவர், ஏறத்தாழ நம் முதலமைச்சரைப் போல ஆட்சியை நடத்துபவர். மிச்சிகன் மாநிலத்தை 1963 முதல் 1969 வரை அவ்வாறு ஆண்ட ஜார்ஜ் ராம்னி, அதற்கு முன்பு கார் நிறுவனத் தலைவர். மக்கள் வேண்டாமென்று ஒதுக்கும் சரக்கை அவர்களே விரும்பி வாங்கும்படி பேசத் தெரிந்தவர். அவருடைய அரசியலையும் அந்தத் திறமையைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

1907-இல் மெக்சிகோவில் மார்மன் என்னும் சமயப் பிரிவினர் வாழ்ந்த குடியிருப்பு ஒன்றில் பிறந்தார்; அங்கு மூண்ட புரட்சிக்கு அஞ்சி அவர் குடும்பம் 1912-இல் அமெரிக்காவுக்கு ஓடிவந்தது. கல்லூரிப் பட்டம் பெறவில்லை. இவற்றை விரைந்து கடந்து, எனக்கு மிகவும் பிடித்த 1954-ஆம் ஆண்டுக்கு வந்துவிடுகிறேன்.

அவ்வாண்டில் நேஷ், ஹட்சன் ஆகிய இரு நிறுவனங்கள் இணைந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆயின. சில மாதங்களிலேயே தலைவர் ஜார்ஜ் மேசன் இறந்துவிட, பொறுப்பு ராம்னியிடம் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் ஆகிய மூன்று ஜாம்பவான்களும் தத்தம் கார்களை மேலும் மேலும் நீட்டிக்கொண்டிருந்த காலம் அது. ராம்னியோ நேஷ், ஹட்சன் என்னும் பழம்பெயர்களையே கைவிட்டு, ராம்ப்ளர் என்னும் சிறிய காரை நம்பி இறங்கினார். பெரிய கார்களைப் பெட்ரோல் குடிக்கும் டைனோசர்கள் என்று மேடைதோறும் கேலி செய்தார்; கொண்டை ஊசி வாங்க மருந்துக்கடைக்குப் போவதற்கு அத்தனை பெரிய வண்டி எதற்கு என்று பெண்களைக் கேட்டார். அந்நாட்டு மருந்துக்கடையில் கொண்டை ஊசியும் கிடைக்கும் என்பதை நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டும். தம் கார் சிறியது என்பதை அவர் மறைக்கவில்லை, அதையே முன்னால் வைத்தார். மறுபடியும் சொல்கிறேன், மறைக்கவில்லை. நாடு பொருளாதார மந்தத்தில் இருந்த 1958-இல் அவருடைய நிறுவனம் இலாபம் கண்டது.

1962-இல் ஆளுநர் தேர்தலில் வென்றதும் அவர் கையில் எடுத்த சரக்கு, கார் அளவுக்குக்கூட விலைபோகாத ஒன்று: மாநில வருமான வரி. நிதி நெருக்கடியில் கிடந்த மிச்சிகனுக்கு அது தேவை என்று 1963-இல் வெளிப்படையாகவே வாதிட்டுத் தோற்றார். விடாமல் பேசி, மூன்றாம் முறையாகவும் வென்ற பின்னர், 1967-இல் 2.6 விழுக்காடு வரியை நிறைவேற்றினார். வரி கேட்ட பிறகும் ஒருவர் தேர்தலில் வென்றார் என்பதை நம்மவர்கள் எளிதில் நம்பமாட்டார்கள்.

கடிகாரம் விரட்டுவதால் மீதியைச் சுருக்குகிறேன். அதே 1967-இல் மிச்சிகனின் டெட்ராய்ட் நகரில் மூண்ட கலவரத்தில் 43 பேர் மாண்டனர். வியட்நாம் போரைப் பார்க்கச் சென்றபோது அமெரிக்க இராணுவத் தளபதிகள் தம்மை மூளைச்சலவை செய்துவிட்டதாக ஒரு பேட்டியில் சொல்லி ராம்னி நகைப்புக்கு ஆளானார். 1968 பிப்ரவரியில் அதிபர் போட்டியிலிருந்து விலகினார். பின்னர் அதிபர் நிக்சனின் வீட்டுவசதி அமைச்சராக, வெள்ளையர் மட்டும் வாழ்ந்த புறநகர்களைக் கறுப்பினத்தவருக்கும் திறக்க முயன்றார். இம்முறை புறநகர்க்காரர்களும் வாங்கவில்லை, நிக்சனும் விற்கவிடவில்லை. அதை விரித்துரைக்க இன்று நேரமில்லை. வணக்கம்.