தூண்டியது யார், கிளர்ந்தது யார்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில், சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறைக்குப் போனதும் வெடித்த 2021 ஜூலைக் கலவரம் ஓய்ந்து மறுபடி வகுப்பு கூடிய நாளில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், நியூஸில் ஓயாமல் இன்சைட்மென்ட், இன்சைட்மென்ட் என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன?" தூண்டுதல் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனம் ஒப்பவில்லை. 'ஆசிரியர் எனக்குத் தூண்டுகோல்' என்ற வாக்கியத்தை அதே கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான்தானே! ஒரே சொல் எப்படி வாழ்த்தாகவும் குற்றச்சாட்டாகவும் இருக்கிறது?

எங்கள் ஆயா வெள்ளிக்கிழமை மாலை காமாட்சி விளக்கு ஏற்றுவார். நேரமாக ஆகத் திரியின் நுனி கருகிச் சுடர் குன்றும். ஆயா ஒரு குச்சியால் கரியைத் தட்டிவிட்டுத் திரியை நெல்மணி அளவு முன்னால் தள்ளுவார். சுடர் நிமிரும். அதுதான் தூண்டுவது, அந்தக் குச்சிதான் தூண்டுகோல். அகலில் எண்ணெய் வற்றிப்போயிருந்தால் எத்தனை தூண்டினாலும் திரி புகையுமே தவிர எரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல்லோடு ஒரு 'விடு' சேர்ந்ததும் நிறம் மாறிப்போகிறது. தூண்டினான் என்பது வேறு, தூண்டிவிட்டான் என்பது வேறு. ஏற்றிவிட்டான், கிளப்பிவிட்டான், ஏவிவிட்டான், உசுப்பிவிட்டான், கொம்பு சீவிவிட்டான் என்று எங்கு பார்த்தாலும் இந்த விடு ஒட்டிக்கொண்டிருக்கும். மாட்டுக்குக் கொம்பைச் சீவியவன் களத்துக்குள் இறங்குவதில்லை. வேலிக்கு வெளியே நின்றுகொள்கிறான். குத்துவதும் குத்துப்படுவதும் மாடுகள். செய்தவன் கையைக் கழுவிக்கொண்டு விலகிவிட்டதை அந்த இரண்டெழுத்து காட்டிக்கொடுத்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது சிண்டு முடிவது. குடுமி வைத்திருந்த காலத்துச் சொல். இரண்டு பேரின் குடுமியை அவர்களுக்குத் தெரியாமல் சேர்த்து முடிந்துவிட்டால் என்ன நடக்கும்? இவன் தலையைத் திருப்பினால் அவனுக்கு வலிக்கும். முடிச்சுப் போட்டவனை இரண்டு பேருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு பக்கம் இருக்கிறது. மூண்டது, மூட்டினார்கள். எழுந்தது, எழுப்பினார்கள். கிளம்பியது, கிளப்பினார்கள். கலங்கியது, கலக்கினார்கள். தானாக நடப்பதற்கு ஒரு வினை, பிறர் செய்வதற்கு ஒரு வினை; பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோம். கிளர்ச்சி என்பது கிளர் என்ற தன்வினையிலிருந்து வந்தது. கிளர்தல் என்றால் மேலெழுதல். மக்கள் கிளர்ந்தார்கள் என்றால் அவர்களே எழுந்தார்கள் என்று பொருள். தூண்டிவிடப்பட்டார்கள் என்றால் அவர்களுக்குச் சொந்தப் புத்தி இல்லை என்று பொருள். எந்தச் சொல்லை எடுக்கிறோம் என்பதிலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது.

நம் மண்ணின் 1913-ஐப் பாருங்கள். இந்தியாவிலிருந்து கூலிவேலைக்கு வந்து, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்திலேயே தங்கிவிட்டவர்களுக்கு ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி. ஒப்பந்தக் கூலியாக வந்தவருக்கு முதல் ஆண்டில் மாதச் சம்பளம் 10 ஷில்லிங். பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்று கணக்குப் போட்டால் வரி 60 ஷில்லிங், அதாவது ஆறு மாதச் சம்பளம்! ஆணுக்கு மட்டும் இல்லை, பெண்ணுக்கும் உண்டு. வயது வந்த பிள்ளைகளுக்கும் உண்டு. பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய் இதை எடுத்துச் சொன்னார்கள். அக்டோபரில் வேலைநிறுத்தம் தொடங்கியது. வெளியாட்கள் வந்து நல்ல கூலிகளைக் கெடுத்துவிட்டார்கள் என்று முதலாளிகள் பேசினார்கள்.

அந்தப் பெண்கள் சிறைக்குப் போனார்கள். நவம்பரில் காந்தியும் சிறைக்குப் போனார். அதற்குப் பிறகுதான் கடலோரத்துக் கரும்புத் தோட்டங்களில் வேலை நின்றது. யாரும் போய் அழைக்காத இடங்களிலெல்லாம் நின்றது. தூண்டுகோல் சிறைக்குள்ளே இருக்கும்போது விளக்கு எப்படி எரிந்தது? எண்ணெய் ததும்பிக்கொண்டிருந்தது. அதனால்தான் நான் அதைக் கிளர்ச்சி என்றே சொல்வேன், வேறு எந்தப் பெயரும் சொல்ல மாட்டேன். சிறையில் நோயுற்று, வெளியே வந்த சில நாளில், 1914 பிப்ரவரி 22-இல் கண்ணை மூடிய தில்லையாடி வள்ளியம்மைக்குப் பதினாறு வயதுதான். அந்தப் பெண்ணைப் போய் யாரோ தூண்டிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. அதே ஆண்டு வரியும் ஒழிந்தது.

தாய்நாட்டிலும் இந்தப் பெயர்ச் சண்டை உண்டு. 1857-ஐச் சிப்பாய்க் கலகம் என்று படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதை முதல் சுதந்திரப் போர் என்று படிக்கிறார்கள். கலகம் என்ற சொல்லை நம் மக்கள் முழுக்கக் கெட்டதாக ஒதுக்கியதும் இல்லை. நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்பார்கள்; கலகம் பிறந்தால்தான் நியாயம் பிறக்கும் என்பார்கள்.

கலவரம் வேறு. 1949 ஜனவரியில் டர்பனில் ஓர் இந்தியக் கடைக்காரருக்கும் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனுக்கும் நடந்த தகராறு. பையனைக் கொன்றுவிட்டார்கள் என்று புரளி பரவியது. ஆனால் அவன் சாகவில்லை. மூன்று நாளில் 142 பேர் மாண்டார்கள். இந்தியரைவிட ஆப்பிரிக்கர் அதிகம். அங்கும் எண்ணெய் இருந்தது: நிலம் இல்லை, உரிமை இல்லை, இரண்டு இனத்தையும் ஒரே நெரிசலில் அடைத்து வைத்திருந்தார்கள். வேடிக்கை பார்த்த வெள்ளையர் சிலர் உற்சாகப்படுத்தியதை நேரில் கண்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கொம்பு சீவிவிடுவது என்றால் அதுதான். அப்போது கேட்டோ மேனரில் இருந்த எங்கள் ஆயாவை இரண்டு இரவு தன் வீட்டில் ஒளித்து வைத்தது பக்கத்து வீட்டு ஸூலு அம்மா. ஆயா அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது ஒன்றைத்தான் சொல்வார்: "யாரோ வத்தி வெச்சுட்டான்யா." வள்ளுவர் இதையே 'பகச்சொல்லி' என்கிறார். பிளவுபடும்படி சொல்வது. அதே குறளில் 'நகச்சொல்லி' என்றும் வருகிறது, மகிழும்படி சொல்வது. இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான் வேறுபாடு.

2021 ஜூலையில் நாடு முழுவதும் 350-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். டர்பனில் இந்தியர் நிறைந்த பீனிக்ஸ் பகுதியில் கறுப்பினத்தவர் பலர் கொல்லப்பட்டதை நம் சமூகம் இன்னும் வாய்விட்டுப் பேசவில்லை, பேசியாக வேண்டும். அந்த வாரம் எங்கள் தெருமுனையிலும் பழைய டயர்களை அடுக்கிவிட்டு இளைஞர்கள் இரவெல்லாம் நின்றார்கள். நானும் தேநீர் எடுத்துக்கொண்டு போனேன். இரவு பதினொரு மணி இருக்கும். ஒரு பையனின் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது: ஆற்றைத் தாண்டி வருகிறார்கள், கூட்டமாக வருகிறார்கள். யார் குரல் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவன் அதை வேறு குழுவுக்கு அனுப்பப் போனான். அவனுக்குத் தமிழ் நாலு சொல்தான் வரும். ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. "வத்தி வெக்காதப்பா," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். "எங்க ஆயா சொல்ற வார்த்தை, மாமா," என்றான். செய்தியை அழித்துவிட்டுத் தேநீரை வாங்கிக்கொண்டான். விடியும்வரை அந்தப் பக்கமிருந்து ஒருவரும் வரவில்லை.

வணக்கம்.