அடுத்த ஓவியம் எங்கிருந்து வருகிறது?

[காட்சி: மேசைமேல் வெள்ளைத் தாள், ஈரமில்லாத தூரிகைகள், மூடியிருக்கும் வண்ணப்பெட்டி]

வணக்கம். வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவே கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் ஓவியம் தீட்டுகிறவர்களுக்காக இந்த வீடியோவைத் தயாரித்திருக்கிறேன். இவர்களில் பலருக்குத் தூரிகை பிடிக்கத் தெரியும், வண்ணம் கலக்கத் தெரியும், இழுப்பறையில் தேவைக்கு மேலேயே பொருள்களும் இருக்கும். ஆனாலும் வெள்ளைத் தாளை எடுத்து முன்னால் வைத்ததும், எதை வரைவது என்று தெரியாமல் திகைத்து, மனநிலை கூடி வரட்டும் என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுகிறார்கள். அந்தத் தாள் மறுபடி வெளியே வர மாதக்கணக்கில் ஆகிவிடுவதும் உண்டு.

இந்தத் திகைப்புக்குத் திறமைக் குறைவைக் காரணமாகச் சொல்வது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். தூண்டுதல் எங்கிருந்தோ தானாக வந்து சேரும் என்று நினைத்துக் காத்திருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. தொடர்ந்து வரைகிறவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும்: அவர்கள் வரைந்து முடித்த ஓவியத்தில் பிடிபடாமல் நழுவிய ஏதோ ஒன்று அடுத்த ஓவியத்துக்கு அவர்களை இழுத்துச் செல்கிறது. அந்த இழுப்பு உண்டாகும்படி நம் பயிற்சியை எப்படி அமைத்துக்கொள்வது என்பதை இந்த வீடியோவில் பார்ப்போம்.

[காட்சி: ஜன்னலோரம், வெள்ளைத் துணிமேல் வெள்ளைக் கோப்பை]

எளிய ஒரு பொருளிலிருந்து தொடங்குவோம். பூவேலையோ எழுத்தோ இல்லாத ஒரு வெள்ளைக் கோப்பையை, ஜன்னலோரத்தில் ஒரு வெள்ளைத் துணியின்மேல் வையுங்கள். மாலையில் வெளிச்சம் குறையத் தொடங்கும் நேரத்தில், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில் மஞ்சள் ஒளி தரும் மின்விளக்கு ஒன்றையும் போடுங்கள். இப்போது கோப்பைக்கு இரண்டு நிழல்கள் விழும். ஜன்னல் ஒளியைக் கோப்பை மறைக்கும் இடத்தில் விளக்கின் ஒளி மட்டுமே விழுவதால் அந்த நிழல் ஆரஞ்சு சாயலோடு தெரியும். விளக்கின் ஒளியைக் கோப்பை மறைக்கும் இடத்தில் ஜன்னல் ஒளி மட்டுமே விழுவதால் அந்த நிழல் நீலமாகத் தெரியும். நிழல் என்றால் கறுப்பு அல்லது சாம்பல் என்று மனத்தில் பதிந்திருக்கும் ஒருவர் இதைப் பார்க்கும்போது, தான் இத்தனை நாளும் தாளில் வைத்து வந்த நிறம் தன் கண் கண்ட நிறமில்லை என்பதைத் தெரிந்துகொள்கிறார்.

இன்னும் சற்று நேரம் பாருங்கள். கோப்பையின் அடிப்பாகம் துணியைத் தொடும் இடத்தில் நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். கோப்பையை விட்டு விலக விலக, அந்த விளிம்பு குழைந்து துணியோடு கரைந்துவிடும். ஜன்னல் அகலமானது என்பதால், அதன் ஒரு பகுதியிலிருந்து வரும் ஒளி மறைந்தாலும் மற்றொரு பகுதியின் ஒளி அங்கே எட்டிவிடுகிறது. அதனால்தான் இந்தக் குழைவு. கோப்பையின் நிழல் பக்கத்திலும் முழு இருட்டு இல்லை. வெள்ளைத் துணியில் பட்டுத் திரும்பும் ஒளி, அடிவிளிம்புக்குச் சற்று மேலே மெல்லிய ஒரு வெளிச்சப் பட்டையை உண்டாக்குகிறது. அந்தப் பட்டை எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது? ஒளி நேராகப் படும் பக்கத்தைவிடக் கூடவா, குறைவா? கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மிகவும் குறைவு என்பது தெரியும். ஆனால் தூரிகை கையில் வந்ததும் பெரும்பாலானவர்கள் அதை அளவுக்கு மீறி வெளிச்சமாக்கிவிடுகிறார்கள், கோப்பையின் உருட்சி போய்விடுகிறது.

ஒரு கோப்பை, ஒரு மாலை நேரம். இதிலிருந்தே நாலைந்து ஓவியங்களுக்கான வேலை கிடைத்துவிட்டது. நிழலின் நிறத்துக்காக ஒன்று, விளிம்பின் குழைவுக்காக ஒன்று, திரும்பும் ஒளிக்காக ஒன்று. எல்லாவற்றையும் ஒரே ஓவியத்தில் பிடிக்க முயலும்போதுதான் மனம் சோர்ந்து போகிறது.

இதே வழியை மிகப் பெரிய அளவில் செய்து காட்டியவர் பிரெஞ்சு ஓவியர் க்ளோட் மோனே. 1890, 1891 ஆண்டுகளில் அவர் தன் வீட்டுக்கு அருகே வயலில் நின்ற வைக்கோல் போர்களையே ஏறத்தாழ 25 ஓவியங்களாகத் தீட்டினார். ஒரே நாளில் பல கேன்வாஸ்களை அருகில் வைத்துக்கொண்டு, ஒளி மாற மாற ஒன்றை வைத்துவிட்டு மற்றொன்றை எடுத்து வரைந்தார். பனி மூடிய காலையில் போரின் நிழல் ஒரு நிறம், மாலை வெயிலில் வேறொரு நிறம். பொருளை அவர் மாற்றவே இல்லை. அதனால்தான் ஒளி எப்படி மாறுகிறது என்பதை அத்தனை நுணுக்கமாக அவரால் காண முடிந்தது.

இத்தாலியின் போலோன்யா நகரில் வாழ்ந்த ஜார்ஜியோ மொராந்தி என்ற ஓவியரை எனக்கு இன்னும் அதிகமாகப் பிடிக்கும். 1890-இல் பிறந்து 1964-இல் மறைந்த அவர், தன் சகோதரிகளோடு வசித்த வீட்டின் ஓர் அறையில், பாட்டில்களையும் குவளைகளையும் டப்பாக்களையும் மேசைமேல் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பல பத்தாண்டுகள் வரைந்தார். கண்ணாடியின் பளபளப்பும் மேலே ஒட்டியிருக்கும் தாளும் கண்ணை வேறு பக்கம் இழுக்கும் என்பதால், சில பாட்டில்களுக்கு மங்கலான வண்ணம் பூசிவிட்டுத்தான் வரையவே தொடங்கினார். அவருடைய இரண்டு ஓவியங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு பாட்டில் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கும். அந்தச் சிறு நகர்வால் படத்தின் மொத்த அமைதியும் மாறியிருக்கும். அவருடைய வாழ்க்கை, நேரமும் இடமும் குறைவாக உள்ள நமக்கெல்லாம் பெரிய தைரியம் தர வேண்டும். ஒரு மேசையும் ஓர் ஒளியும் போதும்.

[காட்சி: வண்ணத்தட்டில் நீலமும் பழுப்பும் கலந்து சாம்பலாகும் அண்மைக்காட்சி]

அடுத்து வண்ணங்களுக்கு வருவோம். பெட்டியில் நிறைய வண்ணங்கள் இருந்தால் நல்லது என்று தோன்றும். பயிற்சிக்கு அது இடையூறு என்றே நான் சொல்வேன். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாதம் வரைந்து பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் சாம்பல் நிறம் வரும். நீலம் கூடினால் அந்தச் சாம்பல் குளிர்ந்து தெரியும், பழுப்பு கூடினால் வெதுவெதுப்பாகத் தெரியும், நீரைக் குறைத்துக் கலந்தால் கறுப்புக்கு நெருக்கமான ஓர் அடர்த்தி கிடைக்கும். கடையில் வாங்கும் சாம்பல் வண்ணத்தில் இந்த நடமாட்டம் இல்லை. சுவீடன் நாட்டு ஓவியர் ஆண்டர்ஸ் சோர்னின் பெயரால் வழங்கும் வண்ணத்தட்டில் எல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு, ஐவரி கறுப்பு, வெள்ளை ஆகிய நான்கே உண்டு. அதில் நீலமே கிடையாது. ஆனால் கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பலை ஒரு வெதுவெதுப்பான நிறத்துக்கு அருகில் வைத்தால் கண் அதை நீலமாகவே எடுத்துக்கொள்கிறது.

ஒரு நிறம் தன் அருகில் இருக்கும் நிறத்தால் மாறித் தெரிவதை முறையாக ஆராய்ந்தவர் மிஷேல் யூஜின் ஷெவ்ரெல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பாரிஸ் நகரத்தின் கோப்லான் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப்பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தபோது, கறுப்பு நூல் போதுமான அளவு கறுப்பாகத் தெரியவில்லை என்ற புகார் அவரிடம் வந்தது. சாயத்தில் குறை இல்லை, அந்த நூலுக்குப் பக்கத்தில் நெய்த நிறங்களே அதை வெளிறச் செய்கின்றன என்று அவர் கண்டறிந்தார். 1839-இல் அவர் வெளியிட்ட முடிவுகள் பின்னாளில் ஓவியர்கள் பலருக்குக் கைகொடுத்தன. உங்கள் ஓவியத்தில் ஒரு சிவப்பு மங்கலாகத் தெரிந்தால், அதன்மேல் இன்னும் சிவப்பை ஏற்றுவதற்கு முன், அருகில் உள்ள நிறத்தைக் கொஞ்சம் பச்சைப் பக்கமாகத் திருப்பிப் பாருங்கள்.

வண்ணங்களில் மிச்சம் பிடிப்பதை நல்ல தாளுக்குச் செலவிடுங்கள். நீர்வண்ணத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் இருந்தால், ஈரத்தில் அதிகம் நெளியாது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: நீர்வண்ணம் காய்ந்தபின் வெளிறும், அக்ரிலிக் காய்ந்தபின் சற்றே அடர்ந்துவிடும்.

நேரத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள் முழுவதும் உட்காருவதைவிட, பல நாள்களில் அரைமணி நேரம் உட்காருவது கைக்கும் கண்ணுக்கும் நல்லது. பொருள்களை எடுத்து வைக்கவே கால்மணி நேரம் ஆகும் என்றால் மனம் தள்ளிப்போடும். ஆகவே ஒரு மூலையில் எல்லாம் எடுத்த கைக்கு எட்டும்படி இருக்கட்டும்.

[காட்சி: ஸ்கெட்ச்புக்கின் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் பென்சில் படங்கள்]

பெரிய ஓவியத்தைத் தொடங்கும் முன், ஸ்கெட்ச்புக்கில் தீப்பெட்டி அளவில் சில சிறு படங்களைப் போட்டுப் பாருங்கள். வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்ற மூன்று அளவுகள் மட்டும் போதும். இவ்வளவு சிறிய படத்தில் விவரங்களுக்கு இடமில்லை என்பதால், இருட்டான பகுதிகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்பது மட்டும் தெரியும். ஓவியம் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அந்தச் சேர்க்கையில்தான். ஓவியம் முடிந்ததும் அதன் பின்புறத்தில் தேதியையும், ஒளி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதையும், எந்த இடம் கைக்கு வரவில்லை என்பதையும் பென்சிலால் ஒரே வரியில் எழுதி வைத்துவிடுங்கள். "நிழலின் விளிம்பு சீக்கிரம் காய்ந்துவிட்டது" என்ற அளவில் திட்டமாக எழுதுங்கள். "நன்றாக வரவில்லை" என்று எழுதினால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

புகைப்படத்தைப் பார்த்து வரையலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வரையலாம், ஆனால் ஜன்னலும் அறையும் ஒரே படத்தில் வரும்போது, வெளிச்சத்துக்கு ஏற்றபடி எடுத்தால் நிழல் கறுத்துவிடும், நிழலுக்கு ஏற்றபடி எடுத்தால் வெளிச்சம் வெளுத்துவிடும். நம் கண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துப் பழகியது. நேரில் பார்த்துப் பலமுறை வரைந்த ஒருவர் புகைப்படத்தைப் பயன்படுத்தும்போது, அதில் விடுபட்டதைத் தன் நினைவிலிருந்து நிரப்பிக்கொள்வார். திரையில் அடுத்தவர்களின் ஓவியங்களை நாள் முழுவதும் பார்ப்பதும் இப்படித்தான்: வரைய வேண்டும் என்ற ஆசையை அது கிளப்பிவிடும், எதை வரைவது என்பதை மட்டும் சொல்லாது.

மற்றவர் ஓவியத்தைப் பார்த்து வரைவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வின்சென்ட் வான்கோ 1889, 1890 ஆண்டுகளில் சான்-ரெமி மனநல விடுதியில் தங்கியிருந்தபோது, தான் பெரிதும் மதித்த பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படைப்புகளைப் பார்த்து ஏறத்தாழ இருபது ஓவியங்களைத் தீட்டினார். அவரிடம் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப்படங்கள் என்பதால், வண்ணங்களை அவரே தீர்மானிக்க வேண்டியிருந்தது. நாமும் இப்படிச் செய்யலாம்: பிடித்த ஓவியம் ஒன்றைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, மூலத்தின் நிறங்களைப் பார்க்காமல் நம் வண்ணங்களால் தீட்டி, அதன் பிறகு மூலத்தோடு ஒப்பிடலாம். ஓரிரு மணி நேரத்தில் இதைவிட அதிகம் கற்றுத்தரும் பயிற்சியை நான் அறியேன்.

கற்பனையிலிருந்து வரைய விரும்புகிறவர்களுக்குப் பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி ரூஸோவைச் சொல்ல வேண்டும். பாரிஸுக்குள் வரும் சரக்குகளுக்கு வரி வசூலிக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்த அவர், 1893-இல் தன் 49-ஆம் வயதில் ஓய்வு பெறும் வரை வேலை நேரம் போக மிச்சம் இருந்த நேரத்தில்தான் வரைந்தார். அவருடைய அடர்ந்த காடுகளைப் பார்த்தால் எங்கோ வெப்பமண்டல நாடுகளில் சுற்றி வந்தவர் என்று தோன்றும். ஆனால் அவர் பிரான்சை விட்டு வெளியே சென்றதில்லை. பாரிஸின் தாவரவியல் பூங்காவில் கண்ணாடிக் கூடங்களுக்குள் வளர்ந்த செடிகளையும், புத்தகங்களில் இருந்த விலங்குப் படங்களையும் பார்த்தே அந்தக் காடுகளை உருவாக்கினார். அந்த இலைகளின் வரிசைகளை நெருங்கிப் பாருங்கள். அவற்றுக்குப் பல வகைப் பச்சைகளைக் கலந்திருக்கிறார். கற்பனையும் கண்ணால் பார்த்துச் சேர்த்த சரக்கிலிருந்துதான் எழுகிறது என்பதற்கு அவரைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

எல்லாம் செய்தும் சில வாரங்கள் வறண்டுவிடும். வேலைச்சுமை இருக்கும், உடம்பு ஒத்துழைக்காது, வரைந்தது எதுவும் பிடிக்காது. அந்த நாள்களில் புதிய ஓவியம் எதையும் தொடங்க வேண்டாம். இரண்டு வண்ணங்களை எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியாகச் செல்லும் கட்டங்களை நிரப்புங்கள். கை அந்த வேலையை மறக்காமல் இருந்தால் போதும். பிறகு, ஒரு வருடத்துக்கு முன் வரைந்த ஓவியம் ஒன்றை எடுத்து, அதே பொருளை, அதே அளவுத் தாளில், அதே ஒளியில் மறுபடி வரைந்து, இரண்டையும் சுவரில் அருகருகே மாட்டிக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். விளிம்புகள் திருந்தியிருக்கலாம், நிறங்கள் துணிச்சலாகியிருக்கலாம், அமைப்பு மட்டும் பழையபடியே நடுவில் குவிந்து கிடக்கலாம். இரண்டு ஓவியங்களிலும் எது மாறாமல் இருக்கிறதோ, அடுத்த சில வாரங்களுக்கு அதை மட்டும் எடுத்துக்கொண்டு, சிறிய தாள்களில் வேலை செய்யுங்கள்.