‘ஹஷார்’ என்ற நல்ல சொல்லுக்கு என்ன ஆச்சு?

[காட்சி: மண் குழைக்கும் கைகள்; பக்கத்தில் பெரிய கொப்பரையில் புலவ் வேகிறது]

வணக்கம். உஸ்பெக் மொழியில ‘ஹஷார்’னு ஒரு சொல் உண்டு. ஒருத்தர் வீடு கட்டினா, அக்கம்பக்கத்து ஆளுங்க கூலி வாங்காம வந்து கைகொடுப்பாங்க. வீட்டுக்காரர் எல்லாருக்கும் புலவ் சமைச்சுப் போடுவார். அதுதான் ஹஷார். கேட்கவே மனசு நிறையுது இல்லையா?

[காட்சி: பருத்திக் காடு, குனிந்த முதுகுகள்]

உஸ்பெகிஸ்தான் அதிபரா இருந்த இஸ்லாம் கரிமோவ் ஆட்சியில அதிகாரிகள் இந்தச் சொல்லைத் தூக்கிக்கிட்டாங்க. அறுவடை வந்தா ஆசிரியர், டாக்டர், நர்ஸ், கல்லூரி மாணவர்னு லட்சக்கணக்கானவங்களைப் பருத்தி பறிக்க அனுப்பினாங்க. தினம் இத்தனை கிலோன்னு அளவு. மறுத்தா வேலையோ படிப்போ போயிடும்னு பயம். இல்லேன்னா கைக்காசு போட்டு வேற ஆளை அனுப்பணும். இதுக்கும் பேர் ஹஷார்தான்.

அதே நாட்டுல, 2005 மே 13 அன்னிக்கு அந்திஜான் நகரச் சதுக்கத்துல திரண்ட மக்களைப் படைகள் சுட்டுச்சு. செத்தவங்க 187 பேர்னு அரசாங்கம் சொன்னது. பல நூறு பேர்னு சாட்சிகள் சொன்னாங்க. அதுக்கு வழங்குற பேர் ‘வோகெயா’, அதாவது நிகழ்வு. சுட்டவங்களே இல்லாத சொல்.

[காட்சி: கறுப்புத் திரை, தண்ணீர் விழும் ஓசை மட்டும்]

இங்கிலீஷ் பேசுற நாட்டு அரசியல்ல வேற வழி. மருந்துப் பேர் மாதிரி புதுசா ஒண்ணைச் செய்வாங்க. 2001க்கு அப்புறம் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. கைதிகளை வதைச்சதுக்கு வெச்ச பேர் ‘என்ஹான்ஸ்டு இன்டராகேஷன்’, மேம்பட்ட விசாரணை. ஆளைப் பலகையில கட்டி, முகத்துல துணி போட்டு, மூச்சு முட்ட முட்டத் தண்ணி ஊத்தினாங்க. செப்டம்பர் 11 தாக்குதலுக்குத் திட்டம் போட்டதாச் சொல்லப்படுற காலித் ஷேக் முகமதுவுக்கு 2003 மார்ச் மாசத்துல மட்டும் 183 தடவை. இது சி.ஐ.ஏ. ஆவணத்துலயே இருக்கு. நியூயார்க் டைம்ஸ் இதை ‘டார்ச்சர்’னு எழுத முடிவெடுத்தது 2014 ஆகஸ்ட்டுல!

நம்ம இலக்கணத்துலயும் மங்கலம் உண்டே, செத்தவரை ‘இறைவனடி சேர்ந்தார்’னு சொல்றோமே? அது துக்க வீட்டு மனசு நோகக் கூடாதுன்னு சொல்றது. இவங்க மறைக்கிறது செஞ்சவங்களை. இரண்டையும் ஒண்ணா வைக்க எனக்கு மனசு வரல.

[காட்சி: மீண்டும் பருத்திக் காடு]

உஸ்பெகிஸ்தானுக்குள்ளயே சில மனித உரிமைக்காரங்க காடுகாடாப் போய் படம் எடுத்து, பார்த்ததை ‘மஜ்பூரி மெஹ்நத்’னே எழுதினாங்க. கட்டாய உழைப்பு. அதுக்காகப் போலீஸ் பிடிச்சு வெச்சப்பவும் அவங்க அதைக் கைவிடல. உலகம் முழுக்கத் துணி நிறுவனங்கள் அந்தப் பருத்தியைப் புறக்கணிச்சுது. 2017 செப்டம்பர்ல மாணவர்களையும் ஆசிரியர்களையும் மருத்துவப் பணியாளர்களையும் காட்டுலேர்ந்து திருப்பி அனுப்ப அரசு உத்தரவு போட்டது. 2022 மார்ச்சுல புறக்கணிப்பு விலகிச்சு.