விலக்கிலிருந்து ஊருக்கு

எல்லோருக்கும் வணக்கம். எட்டே முக்காலுக்குக் கடைசி டவுன் பஸ், அதற்குள் முடித்துவிடுங்கள் என்று கூட்டம் நடத்துகிறவர்கள் மேடையேறும்போதே காதில் போட்டுவிட்டார்கள். சரி, நான் பேச வந்ததும் அந்த எட்டே முக்காலைப் பற்றித்தான்.

நம் பக்கத்து ஆட்களுக்கு விலக்கு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மெயின் ரோட்டில் பஸ் நம்மை இறக்கிவிட்டுப் போகிற இடம். ஒரு வேப்பமரம், ஒரு டீக்கடை, ஊர்ப்பெயர் எழுதிய பலகை. ஊர் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே கிடக்கும். கேட்டால், உங்கள் ஊருக்குத்தான் பஸ் இருக்கிறதே என்பார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் நடக்கிற தாய்க்கு அந்த மூன்று கிலோமீட்டர்தான் பயணம். மற்ற முப்பதும் உட்கார்ந்து போகிறதுதானே!

இந்த மூன்று கிலோமீட்டரை ஒரு மாவட்டத்துப் பெண்கள் தாங்களே சமாளித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், படிக்காதவர்களுக்கு எழுத்தறிவு கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம செவிலியர்கள் என்று ஆயிரக்கணக்கில் ஏறி மிதித்தார்கள். கேலி பேசாமலா இருந்திருப்பார்கள்? லேடீஸ் சைக்கிள் போதவில்லை என்றதும் ஆண்கள் ஓட்டுகிற சைக்கிளையே எடுத்தார்கள். பிறகு அதுவே வசதி என்று சொன்னவர்களும் உண்டு, முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாமாம். எந்த அதிகாரியின் மூளையிலும் உதிக்காத யோசனை அது. ஓட்டுகிறவளுக்குத்தான் தெரியும்.

அப்புறம் தனியார் ஓட்டுகிற மினி பஸ். 1997இல் வந்த திட்டத்தில் பஸ் போகாத தடத்தில் 16 கிலோமீட்டர், ஏற்கெனவே பஸ் ஓடும் சாலையில் 4 கிலோமீட்டர் என்று வரையறுத்திருந்தார்கள். நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் வசூல் இருப்பது டவுனுக்குள், ஓட்டச் சொல்வது காட்டுக்குள். ஓட்டுகிறவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கிய புதிய திட்டத்தில் தடத்தின் நீளம் 25 கிலோமீட்டர் வரை போகலாம். அதில் 65 சதவீதமாவது பஸ் இல்லாத பகுதியாக இருக்க வேண்டும். கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்கள், வரவேற்கிறேன். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். 2021 மே மாதம் வந்த பெண்களின் கட்டணமில்லாப் பயணம் அரசு டவுன் பஸ்ஸுக்குத்தான். தனியார் மினி பஸ்ஸில் காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும். ஆக, மெயின் ரோட்டு ஊர்க்காரிக்கு இலவசம், உள்ளே இருக்கிறவளுக்கு டிக்கெட்.

நான் பிளஸ் டூ படித்தபோது எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் மாலை ஐந்தேகாலுக்கு. ஸ்பெஷல் கிளாஸ் ஐந்து மணிக்குத் தொடங்கும். பையன்கள் லாரியைக் கைகாட்டி நிறுத்தி ஏறி வந்துவிடுவோம். எங்கள் தெருவிலிருந்து வந்த மூன்று பெண்களும் ஐந்து மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். பஸ் இருந்தது. ஆனால் அவர்களுக்கு வேண்டிய நேரத்தில் இல்லை.

அதனால்தான் ‘நைட் ஹால்ட்’ பஸ்ஸைக் கேளுங்கள் என்கிறேன். இரவு எட்டரை, ஒன்பதுக்கு ஊருக்குள் வரும், அங்கேயே நிற்கும், காலையில் அதே வண்டி முதல் ட்ரிப் போகும். ராத்திரி காலியாக டிப்போவுக்குத் திரும்பிப்போகிற டீசலும் மிச்சம். ஜவுளிக்கடையில் நிற்கிற பெண் வீடு வந்து சேரலாம், விடிகாலையில் பூவும் கீரையும் சந்தைக்குப் போகலாம். பின் ஏன் இந்த ட்ரிப்பைத்தான் முதலில் கட் பண்ணுகிறார்கள்? ஆள் பற்றாக்குறை ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் பக்கம் இருக்கிறது. டிரைவரும் கண்டக்டரும் எங்கே படுப்பார்கள்? பஸ் சீட்டில், கொசுக்கடியில். காலையில் ஒதுங்கக் கருவேலங்காடு. நம் வீட்டு மாப்பிள்ளையை அப்படிப் படுக்கவைப்போமா? பூட்டிக் கிடக்கிற சமுதாயக் கூடத்தில் ஓர் அறை, ஒரு ஃபேன், தண்ணீர் வருகிற கழிப்பறை. ஊராட்சி இதைச் செய்துவிட்டுக் கேட்டால், கேட்கிற குரலே வேறு மாதிரி இருக்கும்.

வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் ‘பஸ் வசதி வேண்டும்’ என்று மொட்டையாகத் தீர்மானம் போடாதீர்கள். அப்படிப் போட்டால் பதினோரு மணிக்கு ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு, கோரிக்கை நிறைவேறியது என்று எழுதிவிடுவார்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம், ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுகிற நேரம், மில் ஷிஃப்ட் முடிகிற நேரம், மூன்றையும் எழுதுங்கள். எழுதும்போது ஆண்கள் மட்டும் உட்கார்ந்து எழுத வேண்டாம். தீர்மானத்தின் நகல் ஒன்று போக்குவரத்துக் கழகத்துக்கு, ஒன்று கலெக்டருக்கு. மினி பஸ் தடத்துக்கு அனுமதி கொடுக்கிற இடத்தில் இருப்பவர் அவர்தான்.

மணி எட்டு இருபத்தைந்து. கேள்வி இருந்தால் கேளுங்கள், பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டே பேசுவோம்.