கோல் வாசலில் நிற்பவரின் மதிப்பு

வணக்கம் நண்பர்களே, கொழிஞ்சாம்பாறையிலிருந்து பேசுகிறேன். ஐஸ் ஹாக்கியில் உடல்வலுவால் முட்டி முன்னேறும் பவர் ஃபார்வர்டு அணிக்கு அதிகம் பயன்படுவாரா, கைநுட்பம் மிக்க ஆட்டக்காரரா என்று பலரும் கேட்கிறீர்கள். 2022 ஜூலையில் நடந்த வீரர் மாற்றம் ஒன்றை வைத்தே இதற்கு விடை சொல்ல விரும்புகிறேன்.

கால்கரி ஃபிளேம்ஸ் அணி பவர் ஃபார்வர்டான மேத்யூ கச்சக்கை ஃபுளோரிடா பாந்தர்ஸுக்குக் கொடுத்து, கைநுட்பம் மிக்க ஜோனதன் ஹியூபர்டோவையும் மெக்கன்ஸி வீகர் என்ற தேர்ந்த தடுப்பாட்டக்காரரையும் பெற்றது. முந்தைய பருவத்தில் ஹியூபர்டோ 30 கோல் அடித்து, 85 கோல்களுக்கு வழியமைத்து, 115 புள்ளிகள் சேர்த்திருந்தார். கச்சக்குக்கு 104 புள்ளிகள். கால்கரிக்கே லாபம் என்றுதான் நானும் எண்ணினேன். ஆனால் அடுத்த பருவத்தில் ஹியூபர்டோ 55 புள்ளிகளோடு நின்றுவிட, கச்சக் 109 எடுத்தார். பழகிய கூட்டாளிகளை இழந்தால் பக் எனும் ரப்பர் வட்டைப் பிரித்துக் கொடுப்பவரின் கணக்கு இறங்கத்தான் செய்யும் என்பதால், இதை ஹியூபர்டோவின் குறையாக மட்டும் நான் பார்ப்பதில்லை.

நம் பக்கத்துச் செவன்ஸ் என்ற எழுவர் கால்பந்தாட்டத்தைப் பார்த்தவர்களுக்கு மைதானம் சுருங்கினால் உடல்வலுவின் விலை ஏறும் என்பது புரியும். சர்வதேச ஆட்டங்களில் 30 மீட்டர், அதாவது சுமார் 98 அடி அகலப் பனித்தளமே நெடுங்காலம் வழக்கம். இந்த அணிகள் ஆடும் வட அமெரிக்க லீக்கான என்ஹெச்எல்லில் அகலம் 85 அடிதான். அந்த நெருக்கடியில் கோல் வாசலில் அசையாமல் நிற்பவர் கோல்கீப்பரின் பார்வையை மறைத்து, இரண்டு தடுப்பாட்டக்காரர்களைத் தம்மோடு கட்டிப்போட்டு, மற்றவர்களுக்கு இடம் திறந்துவிடுகிறார். இந்த உழைப்பு புள்ளிப்பட்டியலில் ஏறுவதேயில்லை. அதே இடத்தில், முதுகில் அடி வாங்கிக்கொண்டே, பறந்து வரும் பக்கை மட்டையின் நுனியால் தொட்டுத் திசை மாற்ற வேண்டும் என்றால் அதற்கும் நுட்பமான கைதான் தேவை. வெறும் முட்டல் மட்டும் தெரிந்தவரைக் கச்சக்கோடு சேர்த்துப் பேசுவது எனக்கு ஏற்புடையதன்று.

இப்படி முட்டி ஆடுவதற்கு உடல் கொடுக்கும் விலை பெரிது. பாஸ்டன் அணியின் பவர் ஃபார்வர்டு கேம் நீலி காயங்களால் 31 வயதிலேயே விலக நேர்ந்தது. மோதலைத் தவிர்த்து வலைக்குப் பின்னால் நின்று ஆட்டத்தை நடத்திய வெய்ன் கிரெட்ஸ்கி 38 வயது வரை ஆடினார். என்ஹெச்எல்லின் 2023 ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்றின் மூன்றாம் ஆட்டத்தில் கச்சக்கின் மார்பெலும்பு முறிந்தது. அவரில்லாத ஐந்தாம் ஆட்டத்தில் ஃபுளோரிடா 9-3 என்று தோற்றுக் கோப்பையை இழந்தது. அந்தக் காலையில் நான் மிகவும் மனம் நொந்தேன். பிறகு 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அதே அணி ஸ்டான்லி கோப்பையை வென்றபோது, கச்சக்கோடு, அணித்தலைவர் அலெக்சாண்டர் பார்கோவ் என்ற அமைதியான நுட்ப ஆட்டக்காரரும் இருந்தார். ஆகவே நாக்அவுட் சுற்றுக்கு ஒருவரை மட்டும் கேட்டால் நான் கச்சக்கையே சொல்வேன். பார்கோவைப் போன்ற ஒருவர் ஏற்கெனவே இல்லாத அணிக்கு மட்டும் அப்படிச் சொல்ல மாட்டேன்.