ஒரு கையெழுத்துதானே, அண்ணே?

(காட்சி: ஞாயிறு ஆராதனை முடிந்த நேரம். சபை மண்டபத்தில் மடக்கு மேசை, கேசரி, தேநீர்.)

ஒரு கையில் கேசரித் தட்டு, மறு கையில் தேநீர். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்து நிற்கிறார் ஒரு சகோதரர். அவர் சட்டைப்பையில் நாலாக மடித்த ஒரு கடன் ஃபாரம். அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று பிணைக் கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி.

"அண்ணே, ஒரு கையெழுத்துதானே? சும்மா பேருக்கு. மாசாமாசம் நான்தானே கட்டப்போறேன்."

இப்படிக் கேட்கிறவர் நல்லவர்தான். ஜெபக்கூட்டத்தில் பக்கத்தில் முழங்காலில் நிற்பவர். முடியாது என்று எப்படிச் சொல்வது? சொல்லிவிட்டு அடுத்த வாரம் அதே வரிசையில் எப்படி உட்காருவது?

இந்தக் காட்சியைத் தொடுகிற ஒரு பகுதி வேதத்தில் இருக்கிறது. பிரசங்கத்தில் அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள். நீதிமொழிகள் 6ஆம் அதிகாரம், முதல் 5 வசனங்கள்.

(திரையில்: "என் மகனே, நீ உன் சிநேகிதனுக்காகப் பிணைப்பட்டு, அந்நியனுக்குக் கையடித்துக்கொடுத்தாயானால், நீ உன் வாய்மொழிகளால் சிக்குண்டாய்.")

கையடித்துக்கொடுப்பது என்றால் என்ன? நமக்கு விளக்கவே வேண்டாம். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்போம். சின்னப் பிள்ளைகூட "கையில அடிச்சு சத்தியம் பண்ணு" என்கிறது. அந்தக் காலத்தில் கை அடித்தால் பேச்சு முடிந்தது. இன்று அந்த இடத்தில் பேனா இருக்கிறது, அவ்வளவுதான்.

கவனியுங்கள், பேசுவது ஓர் அப்பா. பிணை நிற்பது பாவம் என்று அவர் சொல்லவில்லை. பத்துக் கட்டளைகளிலும் இது இல்லை. அடிபட்ட மனிதன் மகனைத் தனியே கூப்பிட்டுச் சொல்கிற குரல் இது. நீதிமொழிகளைச் சட்டப் புத்தகமாகப் படிப்பதால்தான் பலருக்கு அது உதவாமல் போகிறது என்பது என் எண்ணம்.

அவர் ஏன் பயப்படுகிறார் என்பதற்கு 22ஆம் அதிகாரத்தில் பதில் வருகிறது: செலுத்த உனக்கு ஒன்றுமில்லாதிருந்தால், நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொள்வானே. படுக்கை என்றால் படுக்கையேதான். ஏழையின் போர்வையை அடகு வாங்கினால் பொழுது போகுமுன் திருப்பிக் கொடு என்று மோசேயின் சட்டம் சொன்னது, அவனுக்கு வேறு போர்வை கிடையாது என்பதால்.

சிங்கப்பூரிலும் அப்படி ஒரு போர்வை உண்டு. மசேநிதிப் (மத்திய சேமநிதி, சிபிஎஃப்) பணத்தையும், சிங்கப்பூரர் வசிக்கிற வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டையும் கடன் கொடுத்தவர் பொதுவாகத் தொட முடியாது. ஆனால் கடன் 15,000 வெள்ளியைத் தொட்டால் உங்களைத் திவாலானவராக அறிவிக்கச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போகலாம்.

ஒரு காலத்தில் மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் (வட்டிக்கடைகள்) வரிசையாக இருந்த ஊர் இது. தரையில் உட்கார்ந்து, சின்ன மேசையில் கணக்கு எழுதி, நோட்டில் கையெழுத்து வாங்கிக் கடன் கொடுத்தார்கள். இன்று உரிமம் பெற்ற கடன் நிறுவனத்துக்கு வட்டி உச்சவரம்பு மாதம் 4 விழுக்காடு. வட்டி, தாமதக் கட்டணம் எல்லாம் சேர்ந்து அசலைத் தாண்டக் கூடாது. கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால், 5,000 வெள்ளிக்கு நீங்கள் போட்ட கையெழுத்து 10,000 வரை போகலாம். நீதிமன்றச் செலவு தனி.

உரிமம் இல்லாமல் கடன் கொடுக்கிற ஆ லோங், அதாவது கடன்முதலை, கதை வேறு. அங்கே ஃபாரம்கூட இருக்காது. "உங்க ஏடிஎம் அட்டையை ரெண்டு வாரம் குடுங்க", "ஒரு சிம் அட்டை எடுத்துக் குடுங்க" என்பார்கள். இதுவும் கையடிதான். அந்த அட்டை வழியாகக் கடன்முதலையின் பணம் ஓடினால், உதவி செய்ததாக உங்கள் மேலேயே வழக்கு வரும். அரசாங்கச் சேவைகளுக்கு இணையத்தில் நுழையப் பயன்படும் சிங்பாஸ் கடவுச்சொல்லும் அப்படியே. இதற்கு ஜெபித்துப் பதில் தேட வேண்டியதில்லை. கொடுக்காதீர்கள்.

சரி, இங்கே ஒருவர் கை தூக்குவார். "பவுல் கையெழுத்துப் போட்டாரே?"

போட்டார். பிலேமோனிடமிருந்து ஓடிவந்த அடிமை ஒநேசிமுவுக்காக எழுதுகிறார்: அவன் உம்மிடத்தில் கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும், நானே செலுத்தித் தீர்ப்பேன். சொந்தக் கையால் எழுதினேன் என்றும் சேர்க்கிறார். ஆதியாகமத்தில் யூதாவும் தம்பி பென்யமீனுக்காகத் தன்னையே உத்தரவாதமாக வைத்தான். கடைசியில் எகிப்தில் தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்னால் வந்து நின்றான்.

எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். பவுல் "அவன் கட்டாவிட்டால் பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதவில்லை. எழுதிய அன்றே அது அவர் கடன். நாம் சபை மண்டபத்தில் போடுகிற கையெழுத்து அப்படிப்பட்டதா? "எப்படியும் அவர் கட்டிவிடுவார்" என்ற நம்பிக்கையில் போடுகிறோம். இல்லாத பணத்தை வைத்து நல்ல பெயர் வாங்குகிறோம், கொஞ்சம் கசப்பாகச் சொன்னால்.

அதனால் நான் வைத்திருக்கிற சோதனை ஒன்று. பேனாவை எடுக்கும்முன் முழுத் தொகையையும் என் கடன் என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பேன். அந்தத் தாளை மனைவியிடம் காட்ட முடிந்தால் மேலே பேசலாம்.

ஏற்கெனவே போட்டாயிற்றா? அப்பா அதற்கும் சொல்கிறார்: போய் உன்னைத் தாழ்த்தி, சிநேகிதனை வருந்திக் கேட்டுக்கொள். கண்ணுக்கு நித்திரை வரவிடாதே, வேடன் கைக்குக் குருவி தப்புவதுபோலத் தப்பு. நம் இஷ்டத்துக்குக் கையெழுத்தைத் திரும்ப எடுக்க முடியாது. கடன் கொடுத்தவர் சம்மதிக்க வேண்டும். ஆனால் இன்னும் எவ்வளவு பாக்கி, தவணை தவறியிருக்கிறதா என்று நாளைக்கே எழுதிக் கேட்கலாம். சிநேகிதரோடு கோப்பிக்கடையில் உட்கார்ந்து வேறு வழி தேடலாம். கடன் கைமீறிவிட்டால் ஆலோசனை சொல்ல கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் போன்ற அமைப்பு இருக்கிறது.

நான் இதை ஏட்டில் மட்டும் படித்தவன் அல்ல. ஒரு மோட்டார் சைக்கிள் தவணைக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டேன். வாங்கியவர் வேலை போய், வேலை பெர்மிட் முடிந்து ஊருக்குப் போனார். 11 மாதம் நான் கட்டினேன். வண்டியை ஒரு நாள்கூட ஓட்டவில்லை. எனக்கு ஓட்டவே தெரியாது.

அடுத்த முறை இன்னொருவர் கேட்டபோது கையெழுத்து இல்லை என்றேன். 200 வெள்ளியை ஓர் உறையில் வைத்து, "திருப்பித் தர வேண்டாம் தம்பி" என்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஆனால் முகம் மாறிவிட்டது. இப்போது நாலு வரிசை முன்னால் தள்ளித்தான் உட்காருகிறார். தேநீர் வரிசையில் மட்டும் சர்க்கரை டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைப்பார்.